பதினேழாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை

அக்டோபர் 27

மலர்வளையத்தைக் கழுவிக் காயப்போட்டேன். பிளாஸ்டிக் பூதான் என்றாலும் பதினோரு மாதத் தூசி லேசுப்பட்டதா? ரிப்பன்களை இஸ்திரி போட்டுத் தேதி வாரியாக அடுக்கியாயிற்று. வளையம் ஒன்றுதான், தினமும் ரிப்பனை மட்டும் மாற்றுவோம்.

நகராட்சி நினைவுநாள் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறேன். நவம்பர் வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. எப்போதோ மேலிடத்தில் நவம்பரை 'வரலாற்று மாதம்' என்று அறிவித்து, அந்த மாதத்தில் வரும் நினைவுநாள்களுக்கு மட்டும் மானியம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எது நடந்திருந்தாலும் நவம்பரில்தான் நடந்திருக்கிறது. தேதி தெரியாத சம்பவங்களுக்கு ஒரு கமிட்டி உட்கார்ந்து தேதி கொடுத்தது. ஒன்றாம் தேதி பாலம் திறந்த நாள். இரண்டாம் தேதி அதே பாலம் இடிந்த நாள். நடுவில் பல வருடங்கள் போயிருக்கின்றன, ஆனால் வெளியூர்க்காரர்கள் கேட்டால் கான்டிராக்டரைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

பதினேழு மட்டும் காலி. கமிட்டிக்குச் சம்பவம் தீர்ந்துபோய்விட்டது.

அந்த ஒரு நாளை நம்பித்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 29

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் போனில் பேசினார். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை, லைன் கிடைத்தாலும் பாதி இரைச்சல்தான் கேட்கும். பன்னிரண்டாம் தேதி வருகிறாராம். இருபதாம் தேதி மறுபடியும் கப்பல் ஏற வேண்டும்.

"பதினேழு உறுதிதானே?" என்று கேட்டார்.

"உறுதி."

"போன வருஷமும் உறுதின்னுதான் சொன்னே."

போன வருடம் பதினேழு ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைந்தது. ஞாயிறு பதிவறை கிடையாது. மற்ற நாள்களில் திறந்திருக்குமா என்றால், அதுவும் இல்லை. ஊரிலேயே டிரம்பெட் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் திருமணப் பதிவாளர்தான். விழா நடக்கும் நாளெல்லாம் அவர் மேடையில் நிற்பார், பதிவறை பூட்டிக் கிடக்கும். எனக்கும் விழா நாளில் லீவு கிடையாது. கப்பல்காரருக்கோ கம்பெனி ஒவ்வொரு வருடமும் நவம்பரில்தான் விடுமுறை தருகிறது. இப்படி மூன்று பேரும் சேர்ந்து ஒரே மாதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாப்பத்திரண்டு வயசுல உனக்குன்னு ஒரு மனுஷன் வந்திருக்கார். அவரையும் நினைவுநாள் ஆக்கிடாதே" என்றாள்.

சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை தள்ளிப்போனால் அவர் காத்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 1

பாலம் திறந்தோம்.

நவம்பர் 2

பாலம் இடிந்தது. நேற்றுக் கைதட்டியவர்களே இன்று தலைகுனிந்து நின்றார்கள். பாவம், பழகிவிட்டது அவர்களுக்கு.

நவம்பர் 4

'தேதி சார்' வந்தார். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், பழைய கமிட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே உறுப்பினர்.

"ஏம்மா, இந்தப் பதினேழு என் கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கு. வரிசையா இருக்கிற பல்லுல ஒண்ணு விழுந்த மாதிரி."

"விழுந்தா என்ன சார், மென்னு சாப்பிட முடியுதில்ல?"

அவர் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரு பெரிய தலைவர் போன ரயில், ஒரு பதினேழாம் தேதி நம்ம ஸ்டேஷன் வழியாப் போயிருக்கு."

"நின்னுச்சா சார்?"

"நிக்கல."

"ஜன்னல் வழியாக் கையாவது ஆட்டினாரா?"

"தூங்கிட்டு இருந்திருக்கார்."

"அப்போ நம்ம ஊருக்கு அன்னிக்கு என்னதான் சார் நடந்துச்சு?"

தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "புறக்கணிப்பு" என்றார்.

புறக்கணிப்பு நாளாம்! ரயில் போகும்போது ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அதற்கு ரிப்பன் நிறம்கூட யோசித்து வைத்திருக்கிறார். தலைவர் தூங்கினார் என்றால் நாமும் தூங்கித்தான் கொண்டாட வேண்டும் சார் என்று ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் மனிதர் விடமாட்டார்.

நவம்பர் 7

விடவில்லை. நேராக நகராட்சித் தலைவி அறைக்கே போய்விட்டார். இந்தத் தடவை மழைமானி. நகரத்தில் முதன்முதலாக மழைமானி வைத்த நாள் பதினேழாம் தேதியாம். அன்று எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டேன். பூஜ்யம் என்றார், பெருமையாக.

தலைவி மேடத்துக்குப் பிடித்துவிட்டது. மேடம் நல்லவர். ஆனால் காலியாக எதைப் பார்த்தாலும் எதையாவது கொண்டுபோய் வைத்துவிடுவார். அலுவலக மாடிப்படித் திருப்பத்தில் மூன்று பூந்தொட்டி இருக்கிறது, ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் இடித்துக்கொள்கிறோம்.

"பதினோராம் தேதி மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம். உனக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா ஆதாரத்தோட வாம்மா" என்றார்.

ஆதாரத்தோடு வருகிறேன். வராமல் விடுவேனா!

நவம்பர் 8

விழா முடிந்ததும் நேராக நூலகம். நாளைக்கு அதே நூலகம் எரிந்த நாள், அதனால் தீயணைப்பு வண்டி வாசலிலேயே நிற்கிறது. தீயில் தப்பிய பழைய செய்தித்தாள் கட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வருடத்திலும் நவம்பர் பதினெட்டாம் தேதி இதழைப் பிரித்துப் பார்த்தேன். பதினேழில் ஏதாவது நடந்திருந்தால் மறுநாள் வந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒன்றுமே இல்லை! வருடா வருடம் ஒன்றும் இல்லை. ஒருத்தர் தொலைத்த குடைகூட மறுநாளே கிடைத்துவிடுகிறது. தும்மிக்கொண்டே சிரித்தேன், நூலகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசிக் கட்டில் ஒரு பழைய இதழ். உள்ளூர்ச் செய்திப் பகுதியில் கட்டம் கட்டி ஒரே வரி: 'நேற்று நமது நகரில் குறிப்பிடத்தக்க சம்பவம் ஏதும் இல்லை.'

எழுதியவர் யாரோ, அவர் இருந்தால் காலில் விழுந்திருப்பேன். மழைமானியும் மாட்டிக்கொண்டது. அதைப் பதினாறாம் தேதி சாயங்காலமே நட்டுவிட்டார்களாம். மறுநாள் காலையில் போய் வெறும் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 11

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மீட்டிங்கில் நன்றாகத்தான் பேசினேன். ரயிலை ஒரே வாக்கியத்தில் அனுப்பினேன். மழைமானியை வேரோடு பிடுங்கினேன். பிறகு ஒவ்வொரு வருட இதழாக வாசிக்க ஆரம்பித்தேன் – ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, வானம் மேகமூட்டம், ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? அந்தக் கட்டம் கட்டிய வரியையும் குரலை உயர்த்தி, நிறுத்தி, நாடகத்தில் வசனம் பேசுகிறவள் மாதிரி வாசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் மேடத்தின் கண் கலங்கியிருக்கிறது.

"எல்லா ஊர்லயும் எல்லா நாளும் ஏதாவது நடந்துக்கிட்டேதான் இருக்கு. இத்தனை வருஷமா ஒண்ணுமே நடக்காத நாள் வேற எந்த ஊர்ல இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

அவ்வளவுதான். பதினேழு இனிமேல் 'ஒன்றும் நடக்காத நாள்'. விழா உண்டு. மண்டபத்தில் ஒரு மணி நேரம் ஊரே கூடி, ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுப்பு: நினைவுநாள் பிரிவு. அதாவது நான்.

தேதி சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் இத்தனை வருஷமாத் தேடினதை நீ ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிட்டேம்மா!"

மனுஷனைக் கடிச்சிருப்பேன்.

நவம்பர் 12

இன்று ஒரு வெளிநாட்டுத் தூதுவர் எங்கள் கடைத்தெருவில் இடறி விழுந்த நாள். வருடா வருடம் அதே இடத்தில் கோட்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் விழுந்து காட்டுவார், நாங்கள் தூக்கிவிடுவோம். வழக்கமாக விழுகிறவர் நேற்று ஒத்திகையில் நிஜமாகவே விழுந்து காலை முறித்துக்கொண்டார். வேறு ஆள் இல்லை. கோட்டை நான் போட்டுக்கொண்டேன்.

டிரம்பெட் ஒலித்தது. விழுந்தேன். முழங்கை சிராய்த்துத் தலையைத் தூக்கினால், கூட்டத்தின் முன்னால் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் அவர். ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருக்கிறார். ஒரு வருடம் கழித்து என்னைப் பார்க்கிறார், ஆண்பிள்ளைக் கோட்டில், நடுத்தெருவில் குப்புற.

தூக்கிவிட வேண்டியது நகராட்சி உறுப்பினர் இருவர்தான், அதுதான் மரபு. அவர் மரபெல்லாம் பார்க்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். "யாரு இவளைத் தள்ளிவிட்டது?" என்று சுற்றி நின்றவர்களை அதட்டினார்.

யாரும் தள்ளவில்லை, வரலாறு என்றேன்.

பதினேழைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு இளைத்துப் போய்விட்டார்! நாளைக்குச் சொல்கிறேன்.

நவம்பர் 13

சொல்லவில்லை.

நவம்பர் 14

அவரிடம் சொல்வதற்கு முன்னால் மேடத்திடம் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று போனேன்.

"மேடம், பதினேழாம் தேதி பதிவறையை மட்டும் பத்து நிமிஷம் திறந்து வெச்சுக்கலாமா? ஒரு கல்யாணப் பதிவு இருக்கு."

"கல்யாணமா? ஏம்மா, அது நடக்கிற விஷயமாச்சே!"

"சின்னக் கல்யாணம்தான் மேடம்."

"சின்னதோ பெரிசோ, நடந்தா நடந்ததுதானே. இத்தனை தலைமுறையா இந்த ஊரு காப்பாத்தி வெச்சிருக்கிறதை நாமளே கெடுக்கலாமா? டிசம்பர்ல வெச்சுக்கச் சொல்லு."

யாருடைய கல்யாணம் என்று அவர் கேட்கவே இல்லை. எவன் எவனோ விழுந்ததற்கும் எழுந்ததற்கும் ரிப்பன் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். ஒரு வார்த்தை, யாருக்கும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கழிவறைக்குப் போய் அழுதேன். வெளியே வரும்போது பூந்தொட்டியில் இடித்துக்கொண்டேன்.

நவம்பர் 15

பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்து அவரிடம் சொன்னேன். ரயில், மழைமானி, செய்தித்தாள், மேடத்தின் கண்ணீர், எல்லாம். முழுக்கக் கேட்டார். டீ ஆறிப்போனது.

"சரி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு அந்தச் 'சரி'யைத் தாங்க முடியவில்லை. "கோவமாவது படுங்களேன்" என்றேன்.

"யார் மேல படுறது? இன்னொருத்தன் குறுக்கே வந்தான்னா அவன் சட்டையப் பிடிக்கலாம். ஒண்ணும் நடக்காதது குறுக்கே வந்தா யார் சட்டையப் பிடிக்கிறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. டீக்குக் காசு கொடுக்கும்போது என்னைப் பார்க்காமல், "கப்பல்ல இருக்கும்போது நாளைக்குப் போய் வீட்ல என்ன பேசலாம்னு யோசிச்சு வெச்சுக்குவேன். வீடுன்னா உன்னைத்தான் நினைச்சேன்" என்றார்.

ஐயோ, என்ன பண்ணுவேன் நான்? வேலையை விட்டுத் தொலைக்கலாமா? விட்டாலும் பதிவாளர் மேடையிலதானே நிப்பாரு! நான் மேடையில ஏறி, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்கன்னு கத்திடலாமா? தூக்கம் வரமாட்டேங்குது. போயேன், பதினேழு, போய்த் தொலையேன்.

நவம்பர் 16

ஒத்திகை. ஒன்றும் நடக்காததற்கு ஒத்திகை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. முதல் தடவை ஒருத்தர் இருமினார். இரண்டாம் தடவை மின்விசிறி கிரீச்சிட்டது. மலர்வளையம் வைப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய விவாதம்: யாருக்கு வைப்பது? கடைசியில் பூவைப் பிடுங்கிவிட்டு வெறும் கம்பி வளையத்தை மட்டும் வைப்பது என்று முடிவாயிற்று. பூவைப் பிடுங்கியவள் நான், பதினெட்டாம் தேதி காலைக்குள் மறுபடியும் செருக வேண்டியவளும் நானே.

பதிவாளர் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும், ஆனால் வாசிக்கக் கூடாது. நான் மண்டபத்தில் உட்காரக் கூடாது. கட்டடம் முழுக்க அறை அறையாகச் சுற்றி, எங்கும் எதுவும் நடக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து பதிவாளர் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும்தான் இந்த அலுவலகத்தில் என் கதை தெரியும், விண்ணப்பம் அவர் மேஜையில்தானே கிடக்கிறது.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம். வாசிக்காம இருக்கிறதுக்கு மேடையிலதான் நிக்கணுமா? என் ரூம்ல உக்காந்துக்கிட்டும் வாசிக்காம இருக்கலாமே" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் டிரம்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்வது என் வேலை. 'டிரம்பெட் – வாசிக்கப்படாது (இடம்: பதிவறை)' என்று அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் படித்தார். "ஆமாம்மா, கண்ணுல படாம இருந்தா இன்னும் விசேஷமா இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

நாளைக்குப் பின்வாசலுக்கு வரச் சொல்லி அவரிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 17

மண்டபம் நிரம்பியது. வாசல் கதவைச் சாத்தினேன். மேடையில் கம்பி வளையம், மேடம், தேதி சார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் எதுவும் நடக்கவில்லை என்று உறுதி செய்யக் கிளம்பினேன்.

கணக்குப் பிரிவில் எதுவும் நடக்கவில்லை. குடிநீர்ப் பிரிவில் குழாய் சொட்டியது, அடைத்தேன். பின்வாசலைத் திறந்தேன். அண்ணனும் அண்ணியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர், புதுச் சட்டையில். அந்தச் சட்டைக் கஞ்சி நடக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் போட்டது. அண்ணி திரும்பி முறைத்ததில் மனிதர் மூச்சையும் நிறுத்திவிட்டார்.

மாடிப்படித் திருப்பத்தில் பூந்தொட்டிகளை முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தேன்.

பதிவாளர் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல், எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லாக் கேள்வியையும் ரகசியமாகவே கேட்டார். பெயர் ரகசியம், வயது ரகசியம். "சம்மதமா?" என்று அவரிடம் கேட்டபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயால் சொன்னால்தான் செல்லும் என்று பதிவாளர் காதோடு சொன்னார். அவர் குனிந்து என் காதில், "சம்மதம்" என்றார். பதிவாளருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். அதனால் எனக்கு இரண்டு தடவை கிடைத்தது.

என் முறை வந்தபோது குரல் எனக்கு அடங்கவில்லை. "சம்மதம்" என்று சொன்னது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி என் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே அழுதாள்.

முத்திரை குத்தும்போது பதிவாளர் கைக்குட்டையை மடித்துக் கீழே வைத்தார். அப்படியும் 'டப்' என்றது.

மண்டபத்துக்குத் திரும்பி ஓடினேன். யாரும் அசையவில்லை. நேரம் முடிந்ததும் மேடம் மைக்கைப் பிடித்தார். "எல்லா இடமும் பாத்தியாம்மா?"

"ஒவ்வொரு ரூமாப் பாத்துட்டேன் மேடம்."

"நம்ம ஊர் இன்னிக்கும் ஜெயிச்சிடுச்சு!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டினேன். இவ்வளவு பேர் எனக்காகக் கைதட்டுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நவம்பர் 18

சலவைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிந்த நாள். பச்சை ரிப்பன். பூவைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, நானும் திருத்தவில்லை.

நவம்பர் 20

அவர் கிளம்பிவிட்டார். வழியனுப்பப் போக முடியவில்லை, அதே நேரத்தில் மணிக்கூண்டு ரிப்பேர் ஆன நாள். கடிகாரத்தைப் பார்த்து எல்லாரும் வணங்கி நின்றபோது நான் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். மணிக்கூண்டுக்காக அழுகிறேன் என்று நினைத்து மேடம் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நவம்பர் 17 – அடுத்த வருடம்

ஒன்றும் நடக்காத நாள், இரண்டாம் ஆண்டு. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பஸ் வைத்து வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அவர். கப்பலை விட்டு, துறைமுகப் பட்டறையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. காலையில் நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "ஊருக்கே அனுமதி, எனக்கு மட்டும் கிடையாதா?" என்று கிளம்பி வந்துவிட்டார்.

தேதி சார் இந்த வருடம் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வரலாறு சுத்தமாக இருக்க வேண்டுமாம். மைக்கில், "இந்த நாளில் நமது நகரில் யாருக்காவது ஏதாவது நடந்திருந்தால் எழுந்து நிற்கலாம்" என்று அறிவித்தார்.

அவர் எழுந்து நின்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இந்த வருடம் மேடையிலேயே நின்ற பதிவாளர் டிரம்பெட்டைக் கீழே போட்டுவிட்டார். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"கால் மரத்துப் போச்சுங்க" என்றார்.

மேடமும் தேதி சாரும் தலையோடு தலை சேர்த்துக் கலந்து பேசினார்கள். கால் மரத்துப்போவது சம்பவத்தில் சேராது என்று தீர்ப்பாயிற்று. அவர் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னும் எத்தனை நாளைக்குத் தேதியை மறைக்கிறது?" என்று கேட்டார்.

என்ன ஆயிருக்குமா? அடுத்த வருடம் எங்கள் இரண்டு பேரையும் மேடையில் ஏற்றி, தலைக்கு மேலே கம்பி வளையத்தைப் பிடித்து, ரகசியமாகச் சம்மதம் சொல்லிக் காட்டச் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு வயதானபின் வேறு யாராவது கோட்டு போட்டுக்கொண்டு சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் எல்லா நாளும் ஊருடையது, இது ஒன்றாவது என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளைக்குப் பச்சை ரிப்பன். இன்னும் எடுத்து வைக்கவில்லை. அவர் சமையலறையிலிருந்து கூப்பிடுகிறார், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.